மார்கழிக் கொழுந்து பிறந்த கதை

1877-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஒரு மலைத்தொடரையே எழுதி வாங்கினார் ஜான் டேனியல் மன்றோ. கைமாறிய நிலம் ஏறக்குறைய 227 சதுர மைல். கண்ணன் தேவன் மலை என்று பெயர். இன்றைய தேவிகுளமும் மூணாறும் அதைச் சேர்ந்தவைதான். முதுவான் குடிகளும், யானைத் தடங்களும், வரையாடு மேயும் புல்வெளிகளும், பள்ளங்களில் ஒதுங்கிய சோலைக்காடுகளும் அன்று அங்கே இருந்தன. நிலம் கைக்கு வந்தது. என்ன பயிர் வைப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்கியது.

காப்பி வைத்தார்கள். இலங்கைத் தோட்டங்களை 1869 முதல் அழித்துவந்த இலைத்துரு நோய் இந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்களையும் பயமுறுத்திக்கொண்டிருந்தது. கொய்னா மருந்துக்காகச் சிங்கோனா வைத்தார்கள். ஜாவாவிலிருந்து பட்டை குவிந்து விலை விழுந்தது. நார்க்கற்றாழை, ஏலம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 1880-இல் ஏ. எச். ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் சுமார் 50 ஏக்கரில் தேயிலை நட்டார். பல சோதனைகளில் ஒன்றாகத்தான் அதுவும் தொடங்கியது. மற்றவை பின்வாங்க, அது மட்டும் மலையைப் பிடித்துக்கொண்டது.

செடியைப் பின்தொடர்ந்து மனிதர்கள் வந்தார்கள். கங்காணிகள் திரட்டிய தமிழ்க் குடும்பங்கள் போடிநாயக்கனூர் வந்து, கொட்டகுடி வழியாக மலையேறின. லயங்கள் எழும்பின. விடியும் முன்பே பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குக் கொம்பு ஊதினார்கள். 1897-இல் கண்ணன் தேவன் மலை உற்பத்திக் கம்பெனி பதிவாயிற்று. குண்டளைப் பள்ளத்தாக்கில் ரயில் ஓடியது; டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின. 1924 ஜூலை வெள்ளம் அந்த ரயிலைச் சுவடில்லாமல் அடித்துக்கொண்டு போயிற்று. அந்த வெள்ளத்துக்குப் பிறகும் கொழுந்து வந்தது. சித்திரையில் வந்தது, ஐப்பசியில் வந்தது, மார்கழியிலும் வந்தது. குளிர் மாதங்களில் கூடையின் எடை குறைந்ததே தவிர, பறிப்பு நிற்கவில்லை. அதில் விசேஷம் இருப்பதாக மலையில் யாருக்கும் தோன்றவில்லை. விசேஷம் என்று தோன்ற வேண்டுமானால் அசாமுக்குப் போயிருக்க வேண்டும்.

அசாமில் அதே இனத்துத் தேயிலைச் செடி டிசம்பரில் கதவடைத்துக்கொண்டது. நுனி மொட்டு இறுகி, துளிர் நின்றது. மார்ச் வரை தோட்டத்தில் பறிக்க ஒன்றும் இருக்காது. கவாத்து வெட்டுவது, வாய்க்கால் தோண்டுவது என்று அந்த மாதங்களை ஓட்டினார்கள். காரணம் கேட்டால் பதில் சுலபமாக வந்தது: குளிர். வடக்கே பனிக்காலம், தெற்கே வெயில் தேசம். செடி வேறு என்ன செய்யும்? கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் தேவிகுளத்து மலைகளில் ஜனவரி இரவுகளில் உறைபனி விழுந்தது. புல்வெளிகள் விடியலில் வெள்ளையாகக் கிடந்தன, தேயிலை நுனிகள் கருகின. அசாமின் ஜோர்ஹாட்டிலோ குளிர்காலப் பகல்களில் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டியது. உறைபனி என்ற பேச்சே இல்லை. உறைபனி விழுந்த மலையில் செடி விழித்திருந்தது. விழாத சமவெளியில் தூங்கியது. அப்படியானால் குற்றவாளி குளிர் அல்ல. யார் என்பதற்கான முதல் துப்பு ஒரு புகையிலைக் காட்டில் கிடைத்தது.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1906-இல் ஒரு விசித்திரப் புகையிலை முளைத்திருந்தது. மற்றவை பூத்து முடித்த பிறகும் அது பூக்காமல் இலைக்கு மேல் இலையாக வளர்ந்தது. அதற்கு ‘மாமத்’ என்று பெயர் வைத்தார்கள். இலை விற்கும் விவசாயிக்கு அது வரம். ஆனால் பூக்கும் முன்பே பனிக்காலம் வந்து செடியைக் கொன்றது. பூ இல்லாமல் விதை ஏது? வேறு வழியில்லாமல் அடித்தண்டுகளைப் பெயர்த்துக் கண்ணாடிக் குடிலுக்குள் வைத்தார்கள். வயலில் பிடிவாதமாக நின்ற செடி, குடிலுக்குள் நடுக்குளிர்காலத்தில் பூத்துத் தொலைத்தது.

வேளாண்துறை விஞ்ஞானிகளான கார்னரும் அல்லார்டும் வெப்பத்தை மாற்றிப் பார்த்தார்கள். உரத்தை மாற்றினார்கள், ஈரத்தை மாற்றினார்கள். எதற்கும் செடி அசையவில்லை. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று; அதைச் சொன்னால் அன்று யாரும் நம்பமாட்டார்கள். 1918 ஜூலையில் ஜன்னல் இல்லாத ஒரு சிறு மரக்கொட்டகையைக் கட்டினார்கள். மாலை 4 மணிக்குத் தொட்டிகளை உள்ளே தள்ளி, மறுநாள் காலை 9 மணிக்கு வெளியே எடுத்தார்கள். கோடைக்காலத்தின் நடுவே அந்தச் செடிகளுக்கு மட்டும் பகல் சுருங்கிப்போயிற்று. அவை பூத்தன; வெளியே நின்ற சகோதரச் செடிகள் பூக்கவில்லை. 1920-இல் முடிவை அச்சிட்டார்கள்: செடி பருவத்தை அறிவது பகலின் நீளத்தைக் கொண்டு. நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் அதன் வயிற்றில் இன்னொரு கேள்வி இருந்தது. பகலை அளக்க வேண்டுமானால் கையில் கடிகாரம் வேண்டும். செடியிடம் கடிகாரம் எங்கே இருந்தது?

அந்தக் கடிகாரத்தின் நிழலை ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பார்த்திருந்தார். பிரான்சின் வானியல் ஆய்வாளர் டி மேரான், 1729-இல் ஒரு தொட்டாற்சிணுங்கிச் செடியை இருட்டில் வைத்தார். வெயிலே படாத நிலையிலும் அது காலையில் இலை விரித்து, மாலையில் மடக்கியது. அவர் அதோடு தன் வானியலுக்குத் திரும்பிவிட்டார். அதன் பிறகு வந்த பலரும், இருட்டறைக்குள்ளும் நுழையக்கூடிய ஏதோ ஒரு புறச்சக்தி செடிக்கு நேரம் சொல்கிறது என்றே நினைத்தார்கள். ஹாம்பர்க் நகரின் ரோஸ் ஸ்டோப்பல் என்ற தாவரவியலாளருக்கு அதற்குச் சான்றும் இருந்தது: இருட்டறையில் வைத்த பீன்ஸ் இலைகள் தினமும் விடியற்காலை 3, 4 மணி வாக்கில்தான் அடிமட்டத்துக்குத் தொங்கின. வெளியிலிருந்து யாரும் சைகை காட்டாமல் எல்லாச் செடிகளும் ஒரே நேரத்தை எப்படிப் பிடிக்கும்? வாதம் அசைக்க முடியாததாக இருந்தது, ஓர் உருளைக்கிழங்கு நிலவறை குறுக்கே வரும் வரை.

1920-களின் கடைசியில் ஃபிராங்ஃபர்ட்டில் எர்வின் புன்னிங் என்ற இளைஞர், கர்ட் ஸ்டெர்ன் என்ற தோழரோடு சேர்ந்து இதே சோதனையைச் செய்துகொண்டிருந்தார். ஸ்டோப்பலும் அங்கே வந்து சேர்ந்துகொண்டார். வெப்பநிலை மாறாத இடம் வேண்டும் என்று, ஸ்டெர்ன் வீட்டின் உருளைக்கிழங்கு நிலவறைக்குச் செடிகளை இறக்கினார்கள். தூரம் அதிகம். எனவே காலையில் போய்த் தண்ணீர் ஊற்றும் வழக்கம் போய், மாலையில் போக ஆரம்பித்தார்கள். சில நாட்களில் கணக்கு புரண்டது. விடியற்காலையில் தொங்க வேண்டிய இலைகள் முற்பகல் 10 மணிக்கு மேல் தொங்கின.

தண்ணீர் ஊற்றும்போது வழி தெரிவதற்காக மங்கலான சிவப்பு விளக்கு ஒன்றைக் கொண்டுபோவார்கள். சிவப்பு ஒளி செடிக்குத் தெரியாது என்பது அன்றைய நம்பிக்கை. செடிக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. தினமும் ஒரே நேரத்தில் ஆள் வந்ததால், செடி தன் கடிகாரத்தை அந்த விளக்கைப் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தது! சிவப்பு விளக்கையும் நிறுத்தினார்கள். இப்போது இலைகளின் சுற்று 24 மணி நேரத்துக்குப் பொருந்தாமல், சற்றுக் கூடுதலாக, ஒவ்வொரு நாளும் தாமதமாகி நழுவியது. வெளியிலிருந்து பூமியின் சுழற்சி நேரம் சொல்லியிருந்தால் அது 24 மணி நேரமாகவே இருந்திருக்க வேண்டும். நழுவுகிறது என்றால் கடிகாரம் செடிக்குள்ளேயே இருக்கிறது. ஒரு விளக்கைக் கையில் எடுத்துப் போன அலட்சியத்திலிருந்து இந்த உண்மை பிறந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்ப்புதான்.

புன்னிங் அங்கே நிற்கவில்லை. வேகமாகச் சுற்றும் பீன்ஸையும் மெதுவாகச் சுற்றும் பீன்ஸையும் கலப்பினம் செய்து பார்த்தார். பிள்ளைச் செடிகள் இரண்டுக்கும் நடுவான வேகத்தில் சுற்றின. கடிகாரம் பரம்பரைச் சொத்து என்பது உறுதியாயிற்று. 1936-இல் அவர் இன்னும் துணிந்து ஒரு யோசனையை வைத்தார். செடியின் உள்நாளுக்கு இரண்டு பாதிகள்: முதல் பாதியில் அது வெளிச்சத்தை எதிர்பார்க்கிறது, இரண்டாவது பாதியில் இருட்டை எதிர்பார்க்கிறது. அந்த இரண்டாவது பாதிக்குள்ளும் வெயில் நீண்டு விழுந்தால் ‘பகல் நீளம்’ என்று புரிந்துகொள்கிறது. விழாவிட்டால் ‘பகல் குறைந்துவிட்டது’ என்று கணக்கிடுகிறது. அழகான யோசனை. அதை ஏற்க ஆளில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் அது ஓரமாகவே கிடந்தது. அதைத் தேடிக்கொண்டு போனவர்களில் ஒருவர் சென்னையிலிருந்து போனார்.

எம். கே. சந்திரசேகரன் சென்னைக் கடற்கரையின் மணலுக்குள் புதைந்து வாழும் எமெரிட்டா என்ற சிறு நண்டினத்தை ஆராய்ந்தவர். கடலிலிருந்து பிரித்துக் கண்ணாடித் தொட்டியில் வைத்தாலும் அந்த ஜீவன் ஓதத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அசைவதைக் கண்டார். அலையில்லாத இடத்தில் அலையின் நேரத்தை அது எப்படி அறிந்தது என்ற கேள்வி அவரை விடவில்லை. 1960-களில் ஜெர்மனியின் டூபிங்கனுக்கு, புன்னிங்கிடமே போய்ச் சேர்ந்தார். பிறகு மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஒரு காலவுயிரியல் கூடத்தையே எழுப்பினார். தேவிகுளத்திலிருந்து மலையிறங்கினால் எட்டிவிடும் தூரத்தில், உயிர்க் கடிகாரங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் திறந்தது. அதன் முதல் பாடப்புத்தகம் ஒரு குகையில் தொங்கிக்கொண்டிருந்தது.

கீழக்குயில்குடிப் பக்கத்துச் சமணர் மலைக் குகையில் வௌவால்கள் கூட்டமாக வாழ்ந்தன. உள்ளே பகலும் இல்லை, இரவும் இல்லை. ஒரு வௌவாலைப் பிடித்து அந்த இருட்டிலேயே கூண்டில் அடைத்தார்கள் சந்திரசேகரனும் அவரோடு பணியாற்றிய மாரிமுத்துவும் ராஜனும். சுற்றிலும் மற்ற வௌவால்கள் மாலையில் பறந்து போய் விடியலில் திரும்பிக்கொண்டிருந்தவரை, கூண்டு வௌவாலும் தவறாமல் அதே நேரத்தில் சிறகடித்தது. சுற்றத்தார் இல்லாத இருட்டில் அடைத்தபோது அதன் நேரம் நழுவத் தொடங்கியது. சூரியன் காட்டாத நேரத்தை உறவுகள் காட்டின என்று 1981-இல் எழுதினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, தாய் எலி கூட்டுக்கு வந்து போவதைக் கொண்டே குட்டி எலிகள் தம் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கின்றன என்று விஸ்வநாதனும் சந்திரசேகரனும் வெளியிட்ட கட்டுரையை ‘நேச்சர்’ இதழ் ஏற்றது. வயல்வெளிச் சுண்டெலி அது. தமிழ்நாட்டு வரப்பிலிருந்து உலக அறிவியலுக்குப் போன இந்தச் செய்தி நம் பாடநூல்களில் இன்னும் அழுத்தமாக இடம்பெற்றிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இதற்கு நடுவே, 1969-இல், தேயிலைக் கேள்விக்குப் பாதி விடை வந்திருந்தது. அசாம் ஜோர்ஹாட்டின் டோக்லாய் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டி. என். பருவா, தேயிலையின் குளிர்கால உறக்கத்தைப் பகலின் நீளத்தோடு பொருத்தினார். அவருக்குக் கிடைத்த எல்லைக்கோடு துல்லியமானது: பகல் 11 மணி 15 நிமிடத்துக்குக் கீழே குறைந்து, அந்தக் குறைவு ஆறு வாரமாவது நீடித்தால் செடி உறங்கப் போகிறது. ஜோர்ஹாட்டில் டிசம்பர் பகல் ஏறக்குறைய பத்தரை மணி நேரம்தான். காலண்டர் பார்க்காத, கடிகாரம் கட்டாத ஒரு புதர், கால் மணி நேர வித்தியாசத்தைக் கூடப் பிடித்தது. எதைக் கொண்டு பிடித்தது என்பதைச் சொல்ல அன்று யாராலும் முடியவில்லை. ஏனென்றால் கடிகாரத்தின் ஒரு பற்சக்கரத்தைக்கூட அதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை.

முதல் பற்சக்கரம் ஒரு பழ ஈயின் உடம்பில் கிடைத்தது. கலிஃபோர்னியாவில் சீமோர் பென்சரின் மாணவர் ரொனால்ட் கொனோப்கா, ஈக்களுக்கு மரபணுவைச் சிதைக்கும் மருந்தைக் கொடுத்து, அவற்றின் வாரிசுகளில் நேரம் தவறுபவற்றைத் தேடினார். நேரம் என்பது ஆயிரம் மரபணுக்கள் கூடிச் செய்யும் வேலை, ஒன்றைச் சிதைத்தால் ஒன்றும் தெரியாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். மூலக்கூறு உயிரியலின் முன்னோடியான மாக்ஸ் டெல்புரூக்கே நம்ப மறுத்தார். 1971-இல் கொனோப்காவின் கையில் மூன்று ஈ வம்சங்கள் இருந்தன. ஒன்றின் நாள் 19 மணி நேரம். இன்னொன்றின் நாள் 28 மணி நேரம். மூன்றாவதற்கு நாள் என்பதே இல்லை. மூன்றிலும் பழுதாகியிருந்தது ஒரே மரபணு. ‘பீரியட்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். அந்த மரபணு என்னதான் செய்கிறது என்று அறிய இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

1984-இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹாலும் மைக்கேல் ராஸ்பாஷும், ராக்ஃபெல்லரின் மைக்கேல் யங்கும் போட்டி போட்டுக்கொண்டு அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். பிரித்த பிறகும் அது பேசவில்லை. அதன் புரதத்தின் வேலை இதுதான் என்று பல ஊகங்கள் கிளம்பி, ஒவ்வொன்றாக விழுந்தன. 1990-இல் பால் ஹார்டின் என்ற இளம் ஆய்வாளர் ஈக்களின் தலைகளை மணிக்கணக்கு வாரியாகச் சேகரித்து, பீரியட் மரபணு அனுப்பும் தூது ஆர்.என்.ஏ.வை அளந்தார். அது ஒரே அளவில் இல்லை. பகலில் ஏறத் தொடங்கி, இரவில் உச்சம் தொட்டு, இறங்கியது. புரதம் பழுதான ஈக்களில் இந்த ஏற்ற இறக்கமும் பழுதாகியிருந்தது. அப்படியானால் மரபணுவை ஆட்டுவித்தது அதன் சொந்தப் புரதமே!

மரபணு புரதத்தைச் செய்தது. சேர்ந்த புரதம் செல்லின் உட்கருவுக்குள் புகுந்து அதே மரபணுவை மூடியது. தொட்டி நிரம்பியதும் மிதவை எழும்பிக் குழாயை அடைப்பது போல. மூடிய பிறகு புரதம் மெல்லச் சிதைந்தது. சிதைந்து தீர்ந்ததும் மரபணு மீண்டும் திறந்தது. ஒரு திறப்புக்கும் அடுத்த திறப்புக்கும் நடுவே கழிந்த நேரம் ஏறத்தாழ ஒரு நாள். புரதம் உட்கருவுக்குள் நுழைய ஒரு துணை வேண்டியிருந்தது. 1994-இல் யங்கின் ஆய்வகத்தில், இந்தியாவில் பிறந்த அமிதா சேகல் உள்ளிட்டோர் ‘டைம்லெஸ்’ என்ற அந்தத் துணை மரபணுவைக் கண்டார்கள். ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு வந்தது. பென்சர் 2007-இலும் கொனோப்கா 2015-இலும் இறந்திருந்தார்கள். வாசலைத் திறந்த இருவரும் இல்லாத மேடை அது. ஈயின் கணக்கு தீர்ந்தது. ஆனால் தாவரத்துக்குள் பீரியட் மரபணுவைத் தேடியவர்களுக்கு ஏமாற்றம் காத்திருந்தது.

தாவரத்தில் அந்த மரபணுவே இல்லை. இருந்தும் தாவரத்தின் மரபணுக்கள் நேரம் பார்த்துத்தான் வேலை செய்தன. ஜெர்மனியின் கிளாஸ் குளோப்ஸ்டெக் 1985-இலேயே இதைப் பட்டாணிச் செடியில் கண்டிருந்தார். வெயிலைப் பிடிக்கும் புரதங்களுக்கான தூது ஆர்.என்.ஏ., சூரியன் உதிப்பதற்கு முன்பே கூடத் தொடங்கிவிட்டது. விடியப் போகிறது என்று மரபணுவுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது! இந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்க்க ஸ்டீவ் கேயும் ஆண்ட்ரூ மில்லரும் ஒரு தந்திரம் செய்தார்கள். மின்மினிப் பூச்சி ஒளிரக் காரணமான மரபணுவை எடுத்து, அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துக் களைச்செடியில், நேரம் பார்த்து இயங்கும் மரபணு ஒன்றின் விசையோடு கோத்தார்கள். நாற்றுகள் நாளுக்கு ஒரு முறை ஒளிர்ந்து மங்கின. ஆயிரக்கணக்கான நாற்றுகளுக்கு நடுவே நேரம் தவறி ஒளிர்ந்த ஒன்று 1995-இல் கையில் சிக்கியது. அதன் நாள் 21 மணி நேரம். ‘டாக்1’ என்று பெயர் பெற்ற அந்த மரபணு மாலையில் விழிப்பது. காலையில் விழிக்கும் மரபணுக்கள் அதை அடக்கின. ஈயிலும் செடியிலும் பாகங்கள் வேறு. தன்னைத் தானே மூடித் திறக்கும் சூத்திரம் ஒன்று.

2000-இல் ஸ்டேசி ஹார்மரும் கேயும் சுமார் 8,000 மரபணுக்களை ஒரே சமயத்தில் கவனித்தார்கள். ஏறத்தாழ 6 சதவிகிதம் கடிகாரத்தின் கட்டளைப்படி ஏறி இறங்கின. பின்னால் வந்த நுட்பமான கணக்குகளில் அது மூன்றில் ஒரு பங்கு வரை உயர்ந்தது. விடியலுக்கு முன் வெயில் பிடிக்கும் மரபணுக்கள், இரவில் சேமிப்பு மாவுச்சத்தைச் செலவிடும் மரபணுக்கள் என்று செடிக்குள் முறை போட்டு வேலை நடந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு மரபணு, மறந்துபோன 1936-ஐத் திரும்பக் கொண்டுவந்தது.

அதன் பெயர் ‘கான்ஸ்டன்ஸ்’. ஜார்ஜ் கூப்லாண்டின் குழு 2001-இல் அதன் நேரக் கணக்கைப் பிடித்தது. கடிகாரம் அந்த மரபணுவை மாலை சாய்ந்த பிறகே முழுமையாகத் திறக்கிறது. அந்த நேரத்தில் வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தால், உண்டாகும் புரதம் நிலைக்கிறது. நிலைத்த புரதம் ‘எஃப்.டி.’ என்ற அடுத்த மரபணுவை முடுக்குகிறது. வெளியே இருட்டிவிட்டால் புரதம் பிறந்த வேகத்தில் சிதைக்கப்படுகிறது. நாளின் இரண்டாவது பாதியில் வெளிச்சம் விழுகிறதா இல்லையா என்பதே செடியின் அளவுகோல் என்று புன்னிங் எழுதியது எழுத்துக்கு எழுத்து மரபணுவில் இருந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1990-இல் காலமாகியிருந்தார்.

கான்ஸ்டன்ஸ் பூப்பதற்கான மரபணு என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். 2006-இல் சுவீடன் நாட்டின் ஊமியோ நகரில் ஓவே நில்சனின் குழு பாப்லார் மரங்களை எடுத்துக்கொண்டது. பாப்லாரும் தேயிலையைப் போலவே பகல் குறைந்தால் வளர்ச்சியை நிறுத்தி, நுனி மொட்டை இறுக்கிக்கொண்டு உறங்குவது. அந்த உறக்கத்தின் சாவியும் கான்ஸ்டன்ஸ், எஃப்.டி. ஜோடியிடமே இருந்தது. கான்ஸ்டன்ஸ் விழித்திருக்கையில் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தவரை எஃப்.டி. ஓடியது, மரம் துளிர்த்தது. பகல் குறைந்து இருட்டு முந்திக்கொண்டதும் எஃப்.டி. அடங்கியது, மொட்டு இறுகியது. வடக்கத்தி மரங்களில் கான்ஸ்டன்ஸ் இன்னும் தாமதமாக விழித்தது. அதனால் அவை தெற்கத்தி மரங்களைவிட நீண்ட பகலிலேயே உறக்கத்துக்கு ஆயத்தமாயின. ஒவ்வொரு அட்சரேகைக்கும் ஏற்றபடி கடிகாரம் செதுக்கப்பட்டிருந்தது.

இந்தக் கணக்கோடு தேவிகுளத்துக்குத் திரும்பினால், அங்கே நூறாண்டுக்கு மேலாக யாரும் கேள்வி கேட்காத மார்கழிக் கொழுந்து முதல் முறையாகத் தன் பிறப்பைச் சொன்னது. தேவிகுளம் பத்தாவது அட்சரேகையில் இருக்கிறது. ஆண்டின் மிகக் குறுகிய பகலிலும் அங்கே வெயில் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம். பருவா போட்ட 11 மணி 15 நிமிடக் கோட்டுக்குக் கீழே அது ஒரு நாள்கூட இறங்கியதில்லை. உறைபனி நுனியைக் கருக்கலாம், வளர்ச்சியைத் தளர்த்தலாம். ‘உறங்கு’ என்ற உத்தரவை அதனால் பிறப்பிக்க முடியவில்லை. அந்த உத்தரவு குளிரிடம் இல்லை, சாயங்கால வெளிச்சத்திடம் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூக்கும் குறிஞ்சியின் கணக்கைக் காண 2006-இலும் 2018-இலும் இதே மலைகளுக்கு ஊரே திரண்டு வந்தது. அதே சரிவுகளின் பக்கத்தில், தினமும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த இன்னொரு செடியைப் பார்க்க யாரும் வரவில்லை.

1880-இல் ஷார்ப் நட்டபோது இதில் எதுவும் யாருக்கும் தெரியாது. மண், மழை, சரிவு எல்லாம் பார்த்து இடம் தேர்ந்தவர்கள், பகலின் நீளத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலே சரியான அட்சரேகையில் வந்து விழுந்திருந்தார்கள். காப்பிக்கும் சிங்கோனாவுக்கும் வாய்க்காத அதிர்ஷ்டம் அது.

அசாம் தோட்டங்களில் வேலை நேரத்துக்கென்று இந்திய நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் ‘பாகான் நேரம்’ ஒன்றை வைத்துக்கொண்டார்கள். வெயில் சீக்கிரம் வந்து சீக்கிரம் மறையும் கிழக்குக் கோடியில் மனிதர்களை அதிகாலையில் எழுப்ப அது உதவியது. செடியின் கடிகாரத்தை அதனால் அசைக்க முடியவில்லை. டிசம்பரில் மொட்டு இறுகியதும் அங்கே பறிப்பு நின்றது, தற்காலிகத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலையில்லாமல் வீடு திரும்பினார்கள். தேவிகுளத்திலோ பறிப்பு நிற்காததால் அதை நம்பி வந்த குடும்பங்கள் மலையைவிட்டு இறங்கவில்லை. ஆண்டு முழுக்கக் கூலி இருந்தது. ஆண்டு முழுக்க முதுகில் கூடையும் இருந்தது. செடிக்கு ஓய்வு கிடையாது என்பதால் கவாத்தையும் ஒரே மூச்சில் முடிக்க முடியாமல், பகுதி பகுதியாக, பறிப்போடு பறிப்பாகச் செய்தார்கள். 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் மூணாறுச் சாலையை நிறைத்து உட்கார்ந்த பெண்கள், போனசும் கூலி உயர்வும் கேட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கங்காணிகளின் காலத்தில் போடி வழியாக ஏறி வந்த குடும்பங்களின் பேத்திகள், கொள்ளுப்பேத்திகள். அவர்கள் கேட்ட கூலி, மார்கழியிலும் பறித்த கைகளுக்கான கூலி.